குத்தகை நிலத்தின் எல்லை: செஞ்சிப் பகுதியில் பதிவுக்குரிய வரைபடம்

ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு விடப்படும் குத்தகை, ஆண்டுக்காண்டு தொடரும் குத்தகை, ஆண்டு வாடகை பேசி விடப்படும் குத்தகை ஆகிய மூன்றும் பதிவு பெற்ற ஆவணத்தின் வழியாகவே ஏற்பட முடியும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் தன் 107-ஆம் பிரிவில் விதித்தது. அவ்வாவணத்தை விடுபவரும் எடுப்பவரும் சேர்ந்தே எழுதிக்கொடுக்க வேண்டும் என்பதும் அப்பிரிவின் கட்டளை. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் இக்குத்தகைகளைக் கட்டாயப் பதிவுக்குரிய ஆவணங்களோடு சேர்த்தது. ஆண்டு வாடகை 50 ரூபாய்க்கும் காலம் ஐந்தாண்டுக்கும் மேற்படாத குத்தகைகளுக்கு மாநில அரசு விலக்கு அளிக்கலாம் என்ற வாசகம் இன்றும் அச்சட்டத்தில் உண்டு; அந்தத் தொகைக்கு ஒரு நாள் வாடகைக்குக்கூடக் கடை கிடைக்காத காலத்தில் அவ்விலக்கு சட்டநூலின் பக்கத்தோடு நின்றுபோனது. கடைத்தெருவில் எங்கும் புழங்கும் பதினொரு மாத ஒப்பந்தம் ஓராண்டு என்ற வரம்பைத் தாண்டாமல் இருப்பதற்காகவே அம்மாதக் கணக்கைப் பெற்றது. வரம்பைத் தாண்டிய குத்தகையைப் பதியாமல் விட்டால் சட்டம் அதை மாதத்துக்கு மாதம் தொடரும் வாடகையாக மட்டுமே பார்க்கும் என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் தெளிவுபடுத்தியது; ஒன்பதாண்டு என்று எழுதி வாங்கியவரின் உரிமை பதினைந்து நாள் அறிவிப்பில் முடிந்துவிடக்கூடும்.

காலமும் வாடகையும் முன்பணமும் பத்திரத்தில் எத்தனை கவனமாக எழுதப்பட்டாலும், எந்த இடம் குத்தகைக்கு விடப்படுகிறது என்பதைக் காட்டும் வரைபடம் பெரும்பாலும் கடைசி நேரத்தில், பத்திர எழுத்தரின் மேசையில், ஒரு வெள்ளைத்தாளில் கையால் போட்ட நாற்கோணமாக முடிந்துவிடுகிறது. விற்பனைப் பத்திரத்தை விடவும் குத்தகைப் பத்திரத்துக்கே வரைபடம் இன்றியமையாதது என்பதும், அந்த வேறுபாடு நம் நில ஆவண முறையின் அமைப்பிலிருந்தே பிறப்பது என்பதும் இவ்வுரை நிறுவ முயலும் கருத்து. விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி வட்டம் இதற்குத் தக்க களம். கடைத்தெரு, நெல் வணிகத்துக்குரிய கிடங்குகள், கோயில் நிலம், கல் குவாரி, தேசிய நெடுஞ்சாலை, பாதுகாக்கப்பட்ட கோட்டை ஆகிய அனைத்தும் அங்கே சில கல் தொலைவுக்குள் நெருங்கிக் கிடப்பதால், ஒரு குத்தகை வரைபடத்துக்கு வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை அவ்வட்டத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

சட்டம் வரைபடத்தைப் பற்றிச் சொல்வது சுருக்கமானது. அசையாச் சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் இல்லாத ஆவணத்தைப் பதிவுக்கு ஏற்கலாகாது என்பது பதிவுச் சட்டம் 21-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு. நகரத்து வீடு என்றால் அது எந்தத் தெருவின் எந்தப் பக்கம் உள்ளது, இப்போதும் முன்பும் அதில் இருந்தவர் யார், கதவு எண் என்ன என்பனவும், மற்ற நிலம் என்றால் ஊர், பரப்பு, ஒட்டிய சாலைகளும் சொத்துகளும், இயன்றவரை அரசின் நில அளவைக் குறிப்பு ஆகியனவும் தரப்பட வேண்டும். இவற்றில் ஒன்றிரண்டு விடுபட்டாலும், எஞ்சிய விவரம் சொத்தை அடையாளம் காட்டப் போதுமானால் பதிவை மறுக்க இயலாது என்று 22-ஆம் பிரிவு தளர்த்திவிடுகிறது. வரைபடம் இணைந்த ஆவணம் என்றால் அவ்வரைபடத்தின் உண்மை நகலும் உடன் தரப்பட வேண்டும் என்பது 21-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு. ஆவணங்களை 1-ஆம் புத்தகத்தில் கையால் படியெடுத்த காலத்தில் எழுத்தைப் படியெடுக்கலாம், கோட்டை அப்படிப் படியெடுக்க முடியாது என்ற நடைமுறைத் தேவைக்கு அவ்விதி நன்கு பொருந்துகிறது. ஆக, வரைபடம் இருந்தே தீர வேண்டும் என்று இச்சட்டம் எங்கும் சொல்லவில்லை. அம்மௌனத்தையே அனுமதியாகக் கொண்டதன் விளைவுதான் வெள்ளைத்தாள் நாற்கோணம்.

இதன் பின்னணியில் ஓர் அடிப்படை வேறுபாடு உள்ளது. இங்கிலாந்தில் பதிவகம் உரிமையையே பதிவு செய்கிறது. 2002-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் அங்கே ஏழாண்டுக்கு மேற்பட்ட குத்தகை தனிப் பதிவைப் பெறுகிறது. அதற்கு வரும் வரைபடம் அளவுவிகிதம் குறிக்கப்பட்டு, வடதிசை காட்டப்பட்டு, நகர்ப்புறத்தில் 1:1250, நாட்டுப்புறத்தில் 1:2500 போன்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்பதோடு, அடையாளத்துக்கு மட்டுமே தரப்பட்டது என்ற குறிப்பைத் தாங்கியிருந்தால் திருப்பி அனுப்பப்படும். இந்தியாவில் சார்பதிவகம் பதிவது ஆவணத்தை. உரிமைக்கு அது உறுதி தருவதில்லை. உரிமையின் சுவடுகள் வருவாய்த் துறையின் பட்டாவிலும், நில அளவைத் துறையின் புலப்படத்திலும், சார்பதிவகத்தின் வில்லங்கச் சான்றிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. புலப்படம் என்பது ஒவ்வொரு புல எண்ணுக்கும் அதன் எல்லைக் கோடுகளையும் அளவுகளையும் காட்டி அரசு வைத்திருக்கும் தனி வரைபடம்.

ஒருவர் புல எண் ஒன்றில் பாதியை விற்றால், வாங்கியவர் பட்டா மாற்றம் கேட்கிறார். குறுவட்ட அளவர் வந்து அளக்கிறார். நிலம் உட்பிரிவு செய்யப்பட்டு, 112 என்றிருந்த எண் 112/1, 112/2 என்று பிரிந்து, புதிய கோடு புலப்படத்தில் ஏறுகிறது. பத்திரத்தில் இணைத்த வரைபடம் மட்டமாக இருந்தாலும் சில ஆண்டுகளில் அரசின் ஏட்டில் அதைவிடச் சரியான கோடு ஒன்று உருவாகிவிடும். குத்தகைக்கு இது நடப்பதில்லை. குத்தகையால் பட்டாதாரர் மாறுவதில்லை, ஆகவே உட்பிரிவும் எழுவதில்லை. பத்தாண்டானாலும் முப்பதாண்டானாலும் புலப்படத்தில் அந்நிலம் பழைய உருவத்திலேயே இருக்கும். குத்தகைகளில் பெரும்பகுதியோ ஒரு முழுப் புல எண்ணைப் பற்றியவை அல்ல. வயலின் ஒரு மூலையில் கைப்பேசிக் கோபுரத்துக்கு விட்ட சிறு சதுரம், மூன்று கடையுள்ள கட்டடத்தில் நடுக்கடை, கிடங்கின் மேற்குப் பாதி, காலி மனையின் முன்பக்கம் ஆகியவற்றுக்கு வரம்பு காட்டும் அரசுக் கோடு எதுவும் கிடையாது. அந்த எல்லையைச் சொல்லும் ஏடு ஒன்று உண்டென்றால் அது குத்தகைப் பத்திரத்தின் பின்னால் தைக்கப்பட்ட தாள் மட்டுமே.

நிலத்தின் எல்லையைச் சொல்லாலும் செயலாலும் உறுதிசெய்வது தமிழகத்துக்குப் பழைய வழக்கம். சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேடு, ஊரின் எல்லை நெடுகிலும் பெண் யானையை நடத்திச் சென்று, கல்லும் கள்ளியும் நட்டு, நாற்பாலும் எவை எவை அண்டியுள்ளன என்று விரிவாகப் பொறித்திருக்கிறது. 1801-இல் கர்நாடகப் பகுதி கும்பினி ஆட்சிக்கு வந்த பின், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், சென்னை மாகாணத்து மாவட்டங்கள் பலவற்றில் ஊர் முழுவதையும் மூன்றாண்டுக்கும் பத்தாண்டுக்கும் குத்தகைக்கு விடும் முறை இருந்தது. முழு ஊரையும் எடுத்தவருக்கு வரைபடம் தேவைப்படவில்லை. ஊரின் எல்லையை ஊராரே அறிவர். குத்தகைப் பொருள் சிறுக்கச் சிறுக்கத்தான் அளவின் தேவை பெருகுகிறது. இரயத்துவாரி முறை உழவரை ஒவ்வொருவராக வரிக்குரியவராக்கியதும், புலம் புலமாக அளக்கும் வேலை தவிர்க்க முடியாததாயிற்று. அந்த அளவையின் வழித்தோன்றலே இன்றைய புலப்படம்.

புலப்படத்தைக் குத்தகை வரைபடத்துக்கு அடித்தளமாகக் கொள்வோர் முதலில் அதைப் படிக்க அறிந்திருக்க வேண்டும். அதில் அளவுக்கற்களை இணைத்து ஓடும் நீண்ட நேர்கோடுகள் ஜி கோடுகள் எனப்படும். புலத்தின் உண்மையான வரப்பு அக்கோட்டிலிருந்து எங்கெங்கே எவ்வளவு விலகுகிறது என்பதைச் செங்குத்தாக எடுத்த ஆப்செட் அளவுகள் சொல்லும். ஜி கோட்டையே எல்லை என்று எண்ணி வரைபவர், பக்கத்துப் புலத்தின் ஒரு துண்டையும் சேர்த்துக் குத்தகைக்கு விட்டுவிடுவார். அலகுக் குழப்பம் இதனினும் பெரியது. பழைய புலப்படங்களின் அளவுகள் லிங்க் கணக்கில் உள்ளவை: 66 அடிச் சங்கிலியை 100 கண்ணியாகப் பிரித்தால் வரும் ஒரு கண்ணி ஒரு லிங்க். அதில் 150 என்று எழுதியிருந்தால் அதன் நீளம் 99 அடி, அதாவது 30 மீட்டருக்குச் சற்று மேல். அதையே அடி என்று படித்தால் நிலம் ஒன்றரை மடங்கு நீண்டுவிடும். 1979 தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் பின் பட்டாவில் பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும் தரப்படுகிறது: 0-20.50 என்றால் 20.50 ஏர், அதாவது 2,050 சதுர மீட்டர், சென்ட்டில் சொன்னால் ஐம்பதுக்குச் சற்று மேல். பழைய பத்திரமோ காணி, குழி என்று பேசும். இப்பகுதியில் பெரிதும் புழங்கிய காணி 57,600 சதுர அடி, அதன் நூற்றில் ஒரு பங்கான குழி 24 அடிச் சதுரம். நான்கு அலகுகளும் ஒரே சொத்தின் ஆவணக் கோவையில் அடுத்தடுத்த தாள்களில் இருப்பது அரிதல்ல. குத்தகை வரைபடத்தில் மீட்டரை முதன்மையாகக் கொண்டு, அடியைப் பக்கத்தில் குறிப்பதே பிற்காலத்தாருக்குச் செய்யும் உதவி.

இணையவழி பெறும் புலப்படத்தில் விகிதம் 1:1000 என்றோ 1:2000 என்றோ அச்சாகியிருக்கும். அது மூலத் தாளுக்குரிய விகிதம். அச்சுப்பொறி தாளின் அளவுக்குப் படத்தைச் சுருக்கியிருந்தால் அடிக்கோல் வைத்து அளப்பது பொய்யாகும். குத்தகை வரைபடத்தில் விகித எண்ணோடு, பத்து மீட்டர் எவ்வளவு நீளம் என்பதைக் காட்டும் ஒரு பட்டையையும் வரைந்துவிட்டால் படி எடுக்கும்போது படமும் பட்டையும் சேர்ந்தே சுருங்கும், விகிதம் தப்பாது. கிராம நத்தத்தில் உள்ள மனைகளுக்கு நத்தம் நில அளவையின் தனிப் படமும், நகர அளவை முடிந்த ஊர்களில் வார்டு, பிளாக் வாரியான நகர அளவைப் பதிவேடும் உள்ளன என்பதால், எந்த ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் அவ்வரைபடத்திலேயே எழுதிவிடுவது தேவை. புல எண்ணும் நகர அளவை எண்ணும் ஒன்றுபோலத் தோன்றி ஆளை ஏமாற்றக்கூடியவை.

சொத்து விவரம் அல்லது தபசில் எனப்படும் பத்திரப் பகுதியில் நான்கெல்லையை எழுதும் மரபு வரைபடக்காரரைத் தடுமாற வைக்கும் இடம் ஒன்று உண்டு. பத்திரத்துச் சக்குபந்தி, அதாவது நான்கெல்லைக் குறிப்பு, பெரும்பாலும் “தெருவுக்கு வடக்கு, இன்னார் மனைக்குத் தெற்கு” என்ற வாய்பாட்டில் அமையும். சொத்து தெருவுக்கு வடக்கே உள்ளது என்பது அதன் பொருள். ஆகவே தெரு சொத்தின் தென்பக்கம் வரும். புதிய பத்திரங்கள் சில “வடக்கில்: தெரு” என்று நேரடியாக எழுதுகின்றன. முதல் வாய்பாட்டை இரண்டாவதாகப் படித்து வரைந்தால் படம் முழுவதும் தலைகீழாகும். கடையின் முகப்பு கொல்லைப் பக்கம் போய்விடும். எழுத்தும் படமும் இப்படி முரண்படும் ஆவணங்கள் பதிவாகிவிடுவதும் உண்டு, ஏனெனில் சார்பதிவாளர் நேரில் சென்று அளந்து பார்த்துப் பதிவதில்லை.

செஞ்சி காந்தி பஜாரில் தெற்கு நோக்கிய கட்டடம் ஒன்றில் மூன்று கடைகள் இருப்பதாகவும், நடுக்கடை ஒன்பதாண்டுக் குத்தகைக்கு வருவதாகவும் கொள்வோம். உள்ளளவு 12 அடி அகலம், 30 அடி நீளம். சுற்றிலும் ஒன்பது அங்குலச் சுவர். சுவரின் உள்முகத்திலிருந்து அளந்தால் பரப்பு 360 சதுர அடி. சுவரின் நடுக்கோட்டிலிருந்து அளந்தால் 392. வெளிமுகத்திலிருந்து அளந்தால் 425. மூன்றும் உண்மை அளவுகளே. சதுர அடிக்கு மாதம் 40 ரூபாய் என்று பேசியிருந்தால் முதல் இரண்டு அளவுகளுக்கு இடையே மாதம் 1,280 ரூபாய் வேறுபடும். ஒன்பதாண்டு முடிவில் அது 1,38,240 ரூபாயாகும். வாடகையோடு தீராத விளைவும் உண்டு. நடுக்கோட்டிலிருந்து அளந்தவருக்குச் சுவரின் பாதி குத்தகைப் பொருளில் அடங்குவதால், அலமாரிக்காகச் சுவரைக் குடையவும் அதன் விரிசலைப் பூசவும் யாருக்கு உரிமை, யாருக்குப் பொறுப்பு என்ற கேள்விகள் அக்கோட்டில்தான் விடை பெறுகின்றன. உள்முகம், நடுக்கோடு, வெளிமுகம் ஆகியவற்றுள் எது என்பதை வரைபடத்தின் ஓரத்தில் ஒரு வரியில் எழுதிவிட்டால் வழக்கறிஞர் இருவரின் பல மாத வேலை குறையும்.

அதே கடைக்குப் பின்னால் மூன்று கடைக்கும் பொதுவான சந்து, கழிப்பறை, ஆழ்துளைக் கிணறு, மின் மீட்டர்ப் பலகை, மாடிக்குச் செல்லும் படி ஆகியவை இருக்கும். இவை குத்தகைக்கு விடப்படுபவை அல்ல; ஆனால் இவற்றைப் பயன்படுத்தும் உரிமை இல்லாமல் கடையை நடத்த இயலாது. குத்தகைப் பகுதிக்கு ஒரு கோடிடும் முறை, பொதுப் பயன்பாட்டுப் பகுதிக்கு மற்றொரு கோடிடும் முறை என்று பிரித்துக் காட்டி, எழுத்தில் அவ்விரண்டையும் வெவ்வேறு பத்திகளில் சொல்வதே முறையானது. நிறம் தீட்டும் பழக்கம் நல்லதுதான் என்றாலும், ஆவணம் வருடப்பட்டு நகலாகும்போது சிவப்பும் பச்சையும் ஒரே கருப்பாகிவிடக்கூடும் என்பதால், நிறத்தோடு சாய்கோடு, குறுக்குக்கோடு ஆகியவற்றையும், மூலைகளுக்கு அ, ஆ, இ, ஈ என்ற எழுத்துகளையும் சேர்ப்பது பாதுகாப்பு. மாடியை மட்டும் குத்தகைக்கு விடுவதானால் கீழ்த்தளத்தின் படத்தையும் தனியே தந்து, மாடிக்கு ஏறும் வழி எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்ட வேண்டும். விளம்பரப் பலகை வைக்கும் முகப்புச் சுவரும் மொட்டைமாடியும் யாருக்கு என்பது தரைப்படத்தில் தெரியாது, ஆதலால் ஒரு நிற்புத்தோற்றப் படமும் தேவைப்படலாம்.

கடைக்கு முன்பக்கம் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் சாலை தேசிய நெடுஞ்சாலை 77. சாலையோரக் கடைகளின் தகரப் பந்தலும் படிக்கட்டும் பல ஊர்களில் சாலைப் புறம்போக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். கடைக்காரர் கண்ணுக்கு அதுவும் கடைதான். விடுபவருக்கு இல்லாத உரிமையை அவர் குத்தகைக்கு விட இயலாது என்பதால், வரைபடம் பட்டா எல்லையில் நின்றுவிட வேண்டும்; அதற்கு வெளியே உள்ள நீட்டலைப் புள்ளிக்கோட்டால் காட்டி, அது குத்தகையில் சேராதது என்று எழுதுவது எடுப்பவரை ஏமாற்றத்திலிருந்து காக்கும். சாலை அகலமாகி முகப்பு இடிபடும் நாளில் வாடகைக் குறைப்புக் கேட்க அடிப்படை உண்டா என்பதும் அந்தப் புள்ளிக்கோட்டையே பொறுத்தது.

செஞ்சிக்கே உரிய சிக்கல் கோட்டையிலிருந்து வருகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த அக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த மராட்டிய இராணுவ நிலவெளிகள் என்ற பன்னிரண்டு கோட்டைத் தொகுதியில் மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ளது இது ஒன்றே. பயணிகள் வரவு பெருகும் என்ற எதிர்பார்ப்பில் உணவகத்துக்கும் விடுதிக்கும் நீண்டகாலக் குத்தகை தேடுவோர் வருவது இயல்பு. அவர்கள் அறிய வேண்டிய சட்டம் 1958-ஆம் ஆண்டின் தொல்பழமை நினைவுச்சின்னங்கள் சட்டமும் அதற்கு 2010-இல் வந்த திருத்தமும் ஆகும். அதன்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எத்திசையிலும் 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் பகுதியில் புதுக் கட்டடத்துக்கு இடமில்லை. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடங்களைப் பழுதுபார்க்க மட்டும், அதுவும் உரிய அதிகாரியின் அனுமதி பெற்று, வழி உண்டு. இரண்டாம் பகுதியில் அனுமதியோடு கட்டலாம். தடையை மீறிக் கட்டினால் இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இச்சட்டம் குத்தகையைத் தடுப்பதில்லை, கட்டுவதைத்தான் தடுக்கிறது. இந்த வேறுபாட்டில்தான் இடர் ஒளிந்திருக்கிறது. தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் உள்ள ஒரு காலி மனையை விடுதி கட்டுவதற்கென்று முப்பதாண்டுக்குக் குத்தகைக்கு விடும் பத்திரம் சொத்தைச் சரியாக அடையாளம் காட்டினால் பதிவாகிவிடக்கூடும், முத்திரைத் தீர்வையும் செலுத்தப்பட்டுவிடும், அதன் பின்னரே அங்கே ஒரு செங்கல்லும் வைக்க இயலாது என்பது தெரியவரும். அளவை எங்கிருந்து தொடங்குவது என்பதிலும் பிழை நேர்கிறது. தொலைவு குன்றின் உச்சியிலிருந்தோ, கண்ணுக்குத் தெரியும் உயர்ந்த மதிலிலிருந்தோ எண்ணப்படுவதில்லை. பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து எண்ணப்படுகிறது, அவ்வெல்லை சிதைந்த வெளிமதிலையும் அகழியையும் தாண்டி இருக்கக்கூடும். செஞ்சியில் கோட்டைப் பக்கமாக அமையும் எந்தக் குத்தகை வரைபடத்திலும் மனையின் மிக நெருங்கிய மூலையிலிருந்து அவ்வெல்லைக்கு உள்ள தொலைவை மீட்டரில் குறிப்பதும், 100 மீட்டர், 300 மீட்டர்க் கோடுகள் மனையை வெட்டுமானால் அவற்றை வரைந்து காட்டுவதும் பதிவுச் சட்டம் கேளாத, ஆயினும் அறிவுள்ள எவரும் கேட்டுப் பெற வேண்டிய விவரங்கள். மனையின் ஒரு பாதி தடைக்குள்ளும் மறுபாதி வெளியிலுமாக இருந்தால் வாடகையே அக்கோட்டைப் பார்த்துப் பேசப்பட வேண்டும்.

உழவுக் குத்தகையைப் பற்றி இங்கே விரிக்கத் தேவையில்லை. வாரத்துக்கும் குத்தகைக்கும் வாய்ச்சொல்லிலேயே நிலம் கைமாறுவது இன்றும் பெருவழக்கு. சாகுபடியாளர் பாதுகாப்புக்கு 1955-இன் சட்டமும் குத்தகை உரிமையை ஏட்டிலேற்ற 1969-இன் சட்டமும் தமிழ்நாட்டில் உள்ளன. கோயில் நிலத்தை ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவது அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியின்றிச் செல்லாது என்று 1959-இன் அறநிலையச் சட்டம் 34-ஆம் பிரிவு கூறுவதால், அங்கே வரைபடத்துக்கு முன் அனுமதி ஆணையைத்தான் பார்க்க வேண்டும். ஆணையில் கண்ட பரப்பும் படத்தின் பரப்பும் ஒத்திருக்க வேண்டும் என்பது மட்டும் இங்கே சொல்லத் தக்கது. குவாரிக் குத்தகைகளில் எல்லைத் தூண்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் படத்தில் ஏறுவது வழக்கமாகிவிட்டது. கடைக்கும் கிடங்குக்கும் அந்த வழக்கம் வரக் காலம் ஆகும் போலிருக்கிறது, ஆனால் வயலுக்கு நடுவே நிற்கும் கைப்பேசிக் கோபுரத்துக்கு அது இப்போதே பொருத்தமானது. வரப்பு நகரும், ஆள்கூற்று எண் நகராது.

எழுத்தும் படமும் முரண்பட்டால் எது வெல்லும் என்பதற்கு ஒற்றை விடை இல்லை. பரப்புக்கும் நான்கெல்லைக்கும் முரண் வந்தால் நீதிமன்றங்கள் பொதுவாக நான்கெல்லையின் பக்கம் சாய்ந்துள்ளன. எண் ஒன்று தவறாக விழுந்திருந்தும் எல்லைகளும் மற்ற விவரங்களும் ஒத்திருந்த ஒரு வழக்கில், அது வெறும் குறிப்புப் பிழை என்று உச்ச நீதிமன்றம் 1960-களின் தொடக்கத்தில் ஏற்றது. எனினும் இவை தரப்பினரின் எண்ணத்தைத் தேடும் வழிகாட்டிகள், மாறாத விதிகள் அல்ல. ஆகையால் பத்திரத்திலேயே, முரண் வந்தால் இணைப்பு வரைபடமே மேலோங்கும் என்றோ சொத்து விவரமே மேலோங்கும் என்றோ ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. வரைபடம் அளவையாளரால் நேரில் அளந்து வரையப்பட்டதானால் முதல் வாசகமும், மேசையில் வரையப்பட்டதானால் இரண்டாவதும் பொருந்தும். அடையாளத்துக்கு மட்டும் என்று எழுதிவிட்டு அதையே நம்பி வாடகை கணக்கிடுவது இரண்டிலும் சேராத கெட்ட பழக்கம். வரைபடத்தின் ஒவ்வொரு தாளிலும் இரு தரப்பாரும் ஒப்பமிட்டு, அளந்த நாளையும் அளந்தவரின் உரிம எண்ணையும் குறித்து, அத்தாள் இன்ன தேதியிட்ட குத்தகைப் பத்திரத்தின் இணைப்பு என்று எழுதியிருக்க வேண்டும். ஒப்பமில்லாத படம் பின்னாளில் செருகப்பட்டது என்ற ஐயத்துக்கு ஆளாகும்.

பத்திரம் எழுதிக்கொடுத்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தரப்பட வேண்டும். தவறினால் மேலும் நான்கு மாதத்துக்குள், பதிவுக் கட்டணத்தின் பத்து மடங்கு வரை அபராதத்தோடு ஏற்கப்படலாம். தமிழ்நாட்டில் முப்பதாண்டு வரையான குத்தகைக்கு மொத்த வாடகை, முன்பணம் முதலியவற்றின் மீது 1 விழுக்காடும், 99 ஆண்டு வரை 4 விழுக்காடும், அதற்கு மேல் 7 விழுக்காடும் முத்திரைத் தீர்வை உண்டு. நகர்ப்புறக் கட்டட வாடகைக்கு 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு, சார்பதிவகப் பதிவு வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. பதிவான பின் வரைபடத்தில் பிழை தெரிந்தால் பிழைதிருத்தல் பத்திரம் போடலாம், ஆனால் அதற்கும் இரு தரப்பாரின் ஒப்பம் வேண்டும். பிழையால் ஆதாயம் பெற்றவர் ஒப்பமிட விரைவதில்லை.

குத்தகைக் காலம் முடியும் நாளிலேயே வரைபடம் மிகுந்த வேலை செய்கிறது. எடுத்தவர் எதைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும், தம் செலவில் போட்ட தடுப்பும் மேற்கூரையும் எந்தக் கோட்டுக்கு உள்ளே வருகின்றன, பக்கத்துக் கடையோடு சேர்த்து இடித்துத் திறந்த சுவரை எங்கே மீண்டும் எழுப்ப வேண்டும் என்பவை தொடக்க நாளின் படத்தைக் கொண்டே தீரும். வழக்காகி வெளியேற்றத் தீர்ப்பு வந்துவிட்டால், அதை நிறைவேற்ற வரும் நீதிமன்ற அமீனா கையில் கொண்டுவருவது தீர்ப்பாணையும் அதன் சொத்து விவரமும்தான்; விவரத்தில் “மேற்படி கட்டடத்தில் நடுக்கடை” என்று மட்டும் இருந்து, இடைப்பட்ட ஆண்டுகளில் மூன்று கடை தடுப்பு மாறி நான்காகியிருந்தால், சொத்தை அடையாளம் காண இயலவில்லை என்று அவர் அறிக்கை எழுதித் திரும்பிவிடுவார். அதன் பின் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கோரும் மனு, நில அளவரைத் துணைக்குத் தரக் கோரும் மனு, இரண்டுக்கும் எதிர் மனு என்று தீர்ப்புப் பெற்றவர் புதிதாக ஒரு சுற்றைத் தொடங்க வேண்டியதாகும். மூலைகளுக்கு எழுத்திட்டு, நிலையாக நிற்கும் ஏதேனும் ஒன்றிலிருந்து, அது அளவுக்கல்லாயினும் தெருமுனைக் கட்டடத்தின் மூலையாயினும், இரண்டு தொலைவுகளை வரைபடத்தில் குறித்திருந்தால் அமீனா நாடாவைப் பிடித்து அன்றே அளந்து கடையைக் கைப்பற்றித் தந்துவிட்டுப் போவார்.